துவாலுவுக்கு நேராக ஒரு பூஜ்யம்

சுவா, ஃபிஜி
9 ஆகஸ்ட் 2021

அன்புத் தங்கை ஃபைவாவுக்கு,

தலோஃபா. அக்கா சுனேமா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். நடுவில் கொஞ்சம் ஜலதோஷம், அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் சர்க்கரை எப்படி? பதநீர்ப் பாகு பாட்டிலை ஒளித்து வைத்தாயா, இல்லை ஒளித்து வைத்த இடத்தையும் அவளே காட்டிக் கொடுத்தாளா?

இங்கே ஊரடங்கு. ஜன்னலைத் திறந்தால் சாலை முழுக்க மழை, நடுவில் ஒரு நாய் படுத்திருக்கிறது. பேருந்து வராது என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவளை ஆய்வுப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் கொள்ளைநோயைப் பற்றி உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளாக எழுதிக் குவிக்கிறார்கள் அல்லவா, அதில் நம்மைப் போன்ற சின்னத் தீவு நாடுகள் எழுதியது எத்தனை என்று எண்ண வேண்டும். எழுதியவர் பெயருக்குக் கீழே முகவரி இருக்கும். எந்த நாட்டு முகவரியோ, அந்த நாட்டுக் கணக்கில் ஒன்று. ஜமைக்கா, மாலத்தீவு, ஃபிஜி எல்லாருக்கும் ஏதோ இருக்கிறது. துவாலுவுக்கு நேராக மட்டும் பூஜ்யம்.

என் மேலாளர் மெலே டோங்காக்காரி. வாய் அதிகம். "உங்க ஊருக்கு நோயும் வரல, எழுத்தும் வரல. நிம்மதியா தூங்குறீங்க போல"ன்னு சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பூஜ்யத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்திலிருந்து பார்க்கிற நம் ஊர் மாதிரி இருந்தது. சுற்றி ஒரு கோடு, நடுவில் தண்ணீர்.

ஒரு விஷயம். இந்தக் கணக்கை வைத்து அடுத்த வருஷம் ஒரு கூட்டம் நடக்கும். ஒரு கட்டுரையாவது எழுதிய நாட்டில் ஆய்வு அலுவலகம் திறப்பார்களாம். பூஜ்யம் வாங்கிய நாடுகளைச் சுவாவிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். துவாலுவில் திறந்தால் அந்த வேலை எனக்குத்தான் என்கிறாள் மெலே. ஊருக்கே வந்துவிடுவேன் ஃபைவா.

அம்மாவுக்கு முத்தம்.

சுனேமா


நுகுலேலே, துவாலு
6 செப்டம்பர் 2021

அன்பு அக்காவுக்கு,

தலோஃபா. உன் கடிதம் வந்து மூன்று நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. கப்பலில் வருகிற தபால் பையில் மருந்தடித்துப் படகுக் கொட்டகையில் போட்டு வைக்கிறோம். இந்த ஊரின் ஒரே நர்ஸ் நான் போட்ட சட்டம் அது, நானே மீற முடியாது. வெளியே நின்று பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்தபோது நீச்சல்குளத்து வாடை.

அம்மா நலம். பாகு பாட்டில் விஷயம் பேசாதே.

பட்டணத்தில், ஃபுனாஃபுட்டியில், கூட்டம் கூடாது என்று அவரவர் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் இப்போது எந்தப் பாயை விரித்தாலும் அதில் ஒரு சொந்தக்காரர் படுத்திருக்கிறார். கப்பல் எப்போதாவதுதான் வருகிறது. அரிசி, சர்க்கரை, மாவு எல்லாம் தீர்ந்துவிட்டன. புலாகா கிழங்குக் குழிகளில் ஆள் இறங்குகிறார்கள். பட்டணத்திலிருந்து வந்த நம் சித்தப்பா பையன் முட்டளவு சேற்றில் நின்றுகொண்டு, "இதுக்கு நோயே பரவால்ல"ங்கிறான். அவன் மனைவி மேலே நின்று, "அப்ப நீ நோயைச் சாப்பிடு, நான் கிழங்கைச் சாப்பிடுறேன்"னாள்.

அந்த வேலைக்கு வேறு என்னவெல்லாம் வேண்டும்? விவரமாக எழுது. உன் ஆபீஸ் முகவரியையும் உறையின் பின்னால் தெளிவாக எழுது. உன் கையெழுத்து வரவர நண்டு ஓடினது போல இருக்கிறது.

ஜலதோஷம் என்று எழுதியிருந்தாய். சரி.

ஃபைவா


சுவா
11 அக்டோபர் 2021

அன்பு ஃபைவாவுக்கு,

தலோஃபா. உன் கருவாடும் பாயும் பத்திரமாக வந்தன. பாயை அறையில் விரித்தேன், அறையே நம் வீட்டு வாசனையாகிவிட்டது. அதில் படுத்து, பகலிலேயே ஒரு கனவு கண்டேன். கடல் மேல் காகிதங்கள் மிதந்து வருகின்றன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து முகவரி பார்க்கிறேன். எல்லாம் தூரத்து ஊர்கள். மை கரைந்து தண்ணீர் நீலமாகிக்கொண்டே போகிறது. விழித்தபோது கருவாட்டை எறும்பு மொய்த்திருந்தது.

கேட்டாயே, வேலைக்கு இரண்டு வேண்டும். ஒன்று, நாட்டுக்கு ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும். இரண்டு, அந்த வேலைக்கு வருகிறவர் பெயரிலும் ஒரு கட்டுரை இருக்க வேண்டும். இரண்டாவதை மெலே இப்போதுதான் சொன்னாள். என்னிடம் இரண்டும் இல்லை. ஏப்ரல் வரை எண்ணுவோம்.

அங்கே யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா? பள்ளிக்கூட வாத்தியார்? மீன்வளத்துறைக்காரர்? விசாரித்துப் பார். நீ எழுத மாட்டாய் என்று தெரியும். மூன்று வரியில் கடிதத்தை முடிக்கிறவள் நீ.

முகவரி பின்னால், நண்டு இல்லாமல்.

சுனேமா


நுகுலேலே
22 நவம்பர் 2021

அன்பு அக்காவுக்கு,

தலோஃபா. எல்லாரும் நலம். மூன்று வரிக்காரி இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனைக்கு முன்னால், சபை மண்டபத்தில் எல்லாருக்கும் சர்க்கரை பார்க்கிறேன். வெறும் வயிறு. யாரும் பேச மாட்டார்கள். பாய்களில் வரிசையாக உட்கார்ந்து ஒரு விரலை நீட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், நான் வருவதற்காகக் காத்திருப்பார்கள். மண்டபத்துக்கு நாலு பக்கமும் சுவர் இல்லாததால் கடல் வெளிச்சம் கூரையில் ஆடும். அந்த வெளிச்சத்தில் இவ்வளவு விரல்களைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருகிறது, ஏன் என்று தெரியாது.

விஷயம் என்னவென்றால், இறங்குகிறது அக்கா. பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்கு அரிசியும் சர்க்கரையும் இல்லாமல் கிழங்கும் மீனுமாகப் போனதில், வாராவாரம் இறங்குகிறது. அம்மாவுக்கும் இறங்கிவிட்டது. "ஊசியில கோளாறு"ங்கிறாள். லபானா தாத்தா மாத்திரையைப் பாதியாக்கிவிட்டு, மீதிக்குப் பதிலாகப் பெண் பார்க்கச் சொல்கிறார்.

முன்பு ஃபுனாஃபுட்டி ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே இருந்தாரே ஐல்சா டாக்டர், இப்போது ஓய்வுபெற்று நியூஸிலாந்தில் ஆடு வளர்க்கிறார். இணையம் கிடைக்கிற அன்று அவரோடு பேசுகிறேன். நல்ல துணை.

நீ கேட்டபடி விசாரித்தேன். வாத்தியார் எதுவும் எழுதவில்லை.

ஃபைவா


சுவா
17 ஜனவரி 2022

அன்பு ஃபைவாவுக்கு,

தலோஃபா. புது வருஷ வாழ்த்துகள். உன் நீளமான கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அந்தக் கூரை வெளிச்சம் இங்கே என் மேசை மேலும் ஆடுகிறது.

கணக்கில் மாற்றம் இல்லை. மற்ற தீவுகள் மெல்ல ஏறுகின்றன. சமோவாவுக்கு ஒன்று கூடினால் மெலே மேசையைத் தட்டுகிறாள், டோங்காவுக்குக் கூடினால் நாற்காலியை விட்டு எழுந்து ஆடுகிறாள். நான் தட்டுவதற்காகவும் ஒரு நாள் வரும் என்று தினமும் தேடுகிறேன். பிறகு பெருமூச்சு விட்டுத் தேநீர் போடுகிறேன்.

வராவிட்டால் போகட்டும். இத்தனை வருஷம் இருந்தேன், இன்னும் கொஞ்சம் இருப்பேன். உனக்கு அங்கே வேலை அதிகம், என்னை நினைத்துக் கவலைப்படாதே.

சுனேமா


சுவா
24 பிப்ரவரி 2022

ஃபைவா,

தலோஃபா. அம்மா நலமா?

இன்று காலை ஒரு சின்ன மருத்துவப் பத்திரிகையில் புதுக் கட்டுரை வந்தது. ஊரடங்கில் ஒரு பவளத்தீவில் சர்க்கரை நோயாளிகள். படிக்கப் படிக்க எனக்கு அந்த மண்டபம் தெரிந்தது. மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். முதல் பெயர் சுனேமா. என் முழுப்பெயர், அப்பா பெயர் சேர்த்து. இரண்டாவது ஐல்சா டாக்டர். உன் பெயர் எங்கேயும் இல்லை. நன்றி சொல்கிற இடத்தில் கூட இல்லை.

என் பெயருக்குக் கீழே என் சுவா முகவரி. நண்டு இல்லாமல் எழுதச் சொன்னாயே, அது.

மெலே பின்னால் வந்து நின்று படித்தாள். "அடிப்பாவி, எங்கிட்ட சொல்லாம எழுதிட்டியா!"ன்னு முதுகில் ஒன்று போட்டாள். அவளே போய்க் கணக்கில் ஏற்றினாள். ஃபிஜிக்கு ஒன்று கூடியது.

துவாலுவுக்கு நேராக இன்னும் பூஜ்யம்தான் ஃபைவா. என்ன செய்தாய்? ஏன் செய்தாய்?

சுனேமா


நுகுலேலே
21 மார்ச் 2022

அன்பு அக்காவுக்கு,

தலோஃபா. எல்லாரும் நலம்.

ஏன் என்று கேட்கிறாய். சுவாவில் ரொம்ப நாள் இருந்துவிட்டாய். சபை மண்டபத்தில் நம் வீட்டுப் பங்கை வைக்கும்போது யார் பெயரைச் சொல்வார்கள்? மீன் பிடித்தவன் பெயரையா, கிழங்கு தோண்டியவள் பெயரையா? மூத்தவர் பெயரைத்தானே. அப்பாவுக்குப் பிறகு நீதான். ஊருக்கு வெளியே போகிற ஒன்றில் உன் பெயர் இருக்க, நான் என் பெயரை எப்படிப் போடுவேன்? ஐல்சா டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் அவள் செய்தது, நான் செய்தது என்று இல்லை என்றேன். நீயும் கூடச் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜலதோஷம் என்று எழுதினாயே. சரக்குக் கப்பல்காரர் பெனி மாமா ஃபுனாஃபுட்டி வந்தபோது ரேடியோவில் சொன்னார். நீ அந்த நோயோடு அறையில் தனியாகக் கிடந்தாய் என்றும், கதவுக்கு வெளியே யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீரை எடுக்கக்கூட உன்னால் எழுந்திருக்க முடியவில்லை என்றும். ஒரு ஊருக்கே காய்ச்சல் பார்க்கிறவள் நான். என் அக்காவுக்குப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், உன்னை எப்படியாவது இங்கே கொண்டுவர வேண்டும் என்று. என்னிடம் இருந்தது இந்த ரத்தச் சொட்டுகள்தான். அதைக் கொடுத்தேன்.

முகவரியில் பிசகிவிட்டேன். ஆள் எங்கே தூங்குகிறாளோ அதுதான் முகவரி என்று அவர்கள் எண்ணுவார்கள் என எனக்கு எப்படித் தெரியும்? தபால் சேரட்டும் என்று போட்டேன். உன் நிலம் இங்கே இருக்கிறது, உன் தென்னை இங்கே இருக்கிறது. நுகுலேலே என்று மாற்றச் சொல். அதில் என்ன பொய்?

ஃபைவா


சுவா
31 மார்ச் 2022

என் ஃபைவாவுக்கு,

தலோஃபா. உன் கடிதத்தை ஆபீஸ் குளியலறையில் வைத்து அழுதுகொண்டே படித்தேன். மெலே கதவைத் தட்டி, "யாருடி செத்தது?"ன்னாள். யாரும் சாகவில்லை, என் தங்கச்சி கடிதம் எழுதியிருக்கிறாள் என்றேன். அவளுக்குத் தீவு புரியும். போய்விட்டாள்.

பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. உங்களைப் பயமுறுத்தக் கூடாதென்று எழுதினேன்.

பிறகு எல்லாவற்றையும் மெலேயிடம் சொன்னேன். அவளும் நீ சொன்னதையே சொன்னாள். "முகவரிய மாத்து. ஒரு வரி. உன் நாட்டுக்கு ஒண்ணு, உன் பேருக்கு ஒண்ணு, ரெண்டும் கெடைக்குது. எவன் கேக்கப்போறான்?" ஒருவரும் கேட்கப்போவதில்லை. பாயில் படுத்து நானும் மாற்றிப் பார்த்தேன், மனசுக்குள். ஃபுனாஃபுட்டி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன், மாதத்துக்கு ஒரு முறை கப்பலேறி உன்னிடம் வந்தேன். ரொம்ப இனிப்பாக இருந்தது.

ஆனால் நான் எண்ணுகிறவள். என் ஊருக்காக நானே ஒரு முகவரியை மாற்றினால், நான் எண்ணிய மற்றதெல்லாம் என்ன ஆகும்? அதைவிட, அந்த விரல்களை நான் தொடவே இல்லை. சபையில் மூத்தவர் பெயரைச் சொன்னால், மீன் பிடித்தது யார் என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது ஃபைவா. காகிதத்தில் இல்லாவிட்டால் நீ இல்லவே இல்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை முதலில், நுகுலேலே முகவரியோடு. ஐல்சா டாக்டரும் அன்றே சம்மதம் அனுப்பினார், உன் மேல் கொஞ்சம் கோபம், நிறையப் பெருமை அவருக்கு. உன் கையெழுத்து மட்டும் வேண்டும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். போட்டால் துவாலுவுக்கு ஒன்று. அலுவலகம் வரும். வேலை உன்னைத் தேடி வரும், எனக்கு வராது. தெரிந்துதான் செய்கிறேன்.

அடுத்த கப்பலிலேயே அனுப்பு.

சுனேமா


சுவா
20 ஜூன் 2022

அன்பு ஃபைவாவுக்கு,

தலோஃபா. நீயும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று பெனி மாமா சொன்னார். அது போதும்.

இரண்டு கப்பல் வந்தது. தபால் பையை நானே போய் வாங்கினேன். உன்னிடமிருந்து எதுவும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் அம்மா எடுக்கிறாள், "அவ கொளத்துக்குப் போயிருக்கா"ங்கிறாள். நம் ஊரில் குளம் எங்கே இருக்கிறது?

அன்பாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாசலுக்கு வந்த மீனை வாங்காமல் அனுப்பினவர்களோடு ஊர் எத்தனை வருஷம் பேசாமல் இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் முடிந்ததும் மெலே தனக்கு முடிந்த மட்டும் தள்ளிப்போட்டாள். மே கடைசியில், "இனி என்னால முடியாது சுனேமா"ன்னாள். தகராறில் இருக்கிற கட்டுரையை எந்த நாட்டிலும் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஃபிஜியிலிருந்து ஒன்றைக் கழித்தேன். துவாலுவுக்கு நேராகப் பூஜ்யத்தை நானே தட்டச்சு செய்தேன். கூட்டம் முடிந்துவிட்டது. நமக்கு அலுவலகம் இல்லை.

கோபத்தைத் திட்டியாவது எழுது. இந்த வெறும் பையைத்தான் தாங்க முடியவில்லை.

சுனேமா


நுகுலேலே
5 செப்டம்பர் 2022

அக்காவுக்கு,

தலோஃபா. நலம். அம்மாவும் நலம். குளம் என்று சொன்னது அவள் கற்பனை, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உன் படிவம் வந்த அன்று அதை அரிசிப் பானையில் போட்டு மூடினேன். அரிசி இல்லாததால் அது சும்மாதான் இருக்கிறது. உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் பெனி மாமாவின் கப்பல் தாழும். ஊரெல்லாம் பார்க்க நீ என் முகத்தில் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நானும் இரண்டு கப்பலை வெறுமனே அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் கரையில் நின்று அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே.

பிறகு உங்கள் அறிக்கையைப் பற்றி வானொலியில் சொன்னார்கள். எந்தெந்தத் தீவு எவ்வளவு எழுதியது என்று வாசித்தார்கள். சபை மண்டபத்தில் எல்லாரும் இருந்தோம். துவாலு, எதுவும் இல்லை, என்றார்கள். அடுத்த ஞாயிறு லபானா தாத்தா விரலை நீட்டினார். நான் குத்தப் போனபோது மடக்கிக்கொண்டார். "நாங்க குடுத்ததெல்லாம் எங்கம்மா போச்சு?"ன்னார். அவர்களைக் கேட்டுத்தான் அந்தக் கணக்கை எழுதி வெளியே அனுப்பியிருந்தேன். திட்டவில்லை அக்கா, நிஜமாகவே கேட்டார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் விரலை நீட்டியபடி என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். என் பெயரை மறைத்தால் அவர்களும் மறைந்துபோவார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அதற்காக உன்னை இன்னும் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்.

பத்திரிகைக்காரர்களிடம் ஐல்சா டாக்டர் பேசினார். அவர்கள் திருத்தத்தை மூடவில்லையாம், எப்போது வந்தாலும் போடுவார்களாம். உங்கள் கூட்டம் முடிந்தாலும், உங்கள் கணக்கு அடுத்த வருஷமும் உண்டாமே.

பானையிலிருந்து எடுத்து நிதானமாகப் படித்தேன். கீழே இரண்டு கோடு இருக்கிறது. ஒன்று என் கையெழுத்துக்கு. மற்றது சாட்சிக்கு. சாட்சி பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் நான் போட வேண்டுமாம்.

போடுகிறேன். ஆனால் ஒன்று கேள். நீ சுவாவுக்குப் போனபோது போகாதே என்று நான் சொல்லவில்லை, இத்தனை வருஷத்தில் வா என்றும் சொன்னதில்லை. கிழங்கு, பாய், கருவாடு, கட்டுரை என்று எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தேனே தவிர, கேட்கவில்லை. எல்லையைத் திறக்கப்போகிறார்கள். இங்கே உனக்கு வேலை இல்லை, அலுவலகம் இல்லை. நான் ஒருத்தியாக முந்நூறு பேரைப் பார்த்துக் களைத்துப்போயிருக்கிறேன் என்பது மட்டும் இருக்கிறது.

பாதிரியார் சாட்சிக்கு நிற்கிறேன் என்றார். வாத்தியார் பேனாவோடு வந்தார். அம்மா, "நான் போடுறேன், எனக்குக் கையெழுத்து வரும்"னாள். எல்லாரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் சாட்சி சுவாவில் இருக்கிறாள், அவள் வந்து பக்கத்தில் நின்றால்தான் போடுவேன் என்று.

வா.

ஃபைவா